நாலு தடவை தற்காப்பு

"ஒரே கடிதத்துல நாலு தடவை 'தற்காப்பு'ன்னு எழுதியிருக்கீங்களேம்மா. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். ஓய்வுபெற்ற வக்கீல். தொழிற்சாலைகளில் தகராறு வந்தால் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். காலையிலிருந்து அவர் குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. அதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது.

எதிரே நின்ற மடிப்புக்காரி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மலை மலையாக வெளுத்துத் தரும் அந்தச் சலவை நிலையத்தில், விரிப்பு மடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பேச்சில்தான் சூரப்புலி இல்லை.

"கராத்தே கிளாஸ் போர்டுல பார்த்திருக்கேன் சார்."

மேனேஜர் பக்கென்று சிரித்துவிட்டார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. சிரித்தால் வலி குறைந்துபோச்சு என்று யாராவது நினைத்துவிடலாம் அல்லவா?

சிரிக்காத இன்னொரு ஆள், மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட். அலுவலகத்தில் அவளுக்கு 'கமா' என்று பெயர். மேனேஜர் எழுதித் தரும் கடிதத்தில்கூட, "சார், இங்க ஒரு கமா வேணும்" என்று திருப்பிக் கொடுப்பாள். நாற்பத்தொரு வயது, பதினாறு வருட சர்வீஸ்.

அந்தக் கடிதத்தை எழுதியது அவள்தான். அது அறையில் இரண்டே பேருக்குத் தெரியும். அவளுக்கும் மடிப்புக்காரிக்கும்.

அறை கொதிகலனுக்கு நேர் மேலே இருந்தது. நீராவி வராமலிருக்க ஜன்னல்களை ஆணியடித்து மூடி வருடக்கணக்காகிறது. விசாரணைக் குறிப்பில் எல்லோரும் கையெழுத்துப் போடும்வரை யாரும் கீழே போகக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். நடுவில் பத்து நிமிடம் டீ. அதுவும் இதே மாடியில்தான். இடியாப்பத் தட்டில் மாவு வேகிற மாதிரி ஐந்து பேரும் வெந்துகொண்டிருந்தார்கள்.

"சரி, நானே சொல்றேன்" என்றார் அதிகாரி. "தற்காப்புங்கறது குடை மாதிரி. மழை பெய்யும்போது பிடிக்கலாம். மழை வரப்போகுதுன்னு பக்கத்து வீட்டுக்காரனைக் குடையால குத்தக் கூடாது. மூணு விஷயம் இருக்கணும். ஆபத்து நிஜமா இருக்கணும். தப்பிச்சுப் போக வேற வழி இருக்கக் கூடாது. தேவைக்கு மேல ஒரு அடிகூட அடிச்சிருக்கக் கூடாது. மூணும் இருந்தா நீங்க இன்னிக்கே வேலைக்குத் திரும்பலாம். ஒண்ணு குறைஞ்சாலும் வேலை போகும். கை உடைஞ்சிருக்கறதால விஷயம் போலீஸுக்கும் போகும். புரியுதா?"

"புரியுது சார்."

"என்ன நடந்ததுன்னு உங்க வாயால சொல்லுங்க."

மடிப்புக்காரி சொன்னாள். திங்கட்கிழமை மத்தியானம் துணிக் கிடங்கில் தனியாக விரிப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் விசில் சத்தம். சூப்பர்வைசர் எங்கே போனாலும் விசிலடித்துக்கொண்டேதான் போவார். திரும்பிப் பார்த்தபோது கதவை மூடிக்கொண்டு நின்றார்.

"கிட்ட வந்தார் சார். கையைப் பிடிச்சார். உதறினேன். மறுபடி வந்தார். டிராலி பக்கத்துல இருந்துச்சு. தள்ளினேன். அவர் கை அலமாரிக்கும் டிராலிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்."

"ஒரே தடவைதான் தள்ளினீங்களா?"

"ஒரே தடவை. அவர் கத்தினதும் நானே பயந்துபோய் டிராலியை இழுத்துட்டேன்."

அதிகாரி தலையசைத்தார். கமாவின் விரல்கள் ஓடின. நல்ல பதில். ஆபத்து இருந்தது. தேவைக்கு மேல் அடிக்கவில்லை. மூன்றில் இரண்டு தேறிவிட்டது. மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது.

"மூணாவதுக்கு வருவோம். தப்பிச்சுப் போக வழி." அதிகாரி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல ஒரு வரி எழுதியிருக்கீங்க. 'அவர் வெளியேற முடியாதபடி கதவை உள்பக்கமாகத் தாழிட்டேன்.' ஏம்மா, ஆபத்துல இருக்கறவங்க கதவைத் திறந்துக்கிட்டு ஓடுவாங்க. நீங்க எதுக்குத் தாழ் போட்டீங்க?"

கொதிகலனின் இரைச்சல் திடீரென்று காதுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது கமாவுக்கு.

அந்த வரியா? அது எப்படி அங்கே வந்தது?

வந்த வழி மறு நொடியே தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம். மடிப்புக்காரி மேசை ஓரம் வந்து நின்றாள். "அக்கா, விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. எனக்கு அந்த ஆபீஸ் பாஷை வராதே." கமாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாசல் காவலாளி ஒரு திருடனைத் தடியால் அடித்தபோது, அவனுக்காக அலுவலகமே தயாரித்த விளக்கக் கடிதம் கம்ப்யூட்டரில் மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கடிதம் அவனைக் காப்பாற்றியது. ராசியான கடிதம். புதிதாக எழுதுவானேன்? 'காவலாளி' இருந்த இடத்தில் 'மடிப்புப் பிரிவு ஊழியர்', 'திருடன்' இருந்த இடத்தில் 'அவர்', 'தடி' இருந்த இடத்தில் 'டிராலி'. கம்ப்யூட்டர் மூன்றே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அதற்குள் மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம். ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அச்செடுத்து நீட்டினாள்.

"எங்கக்கா போடணும்?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள் மடிப்புக்காரி.

திருடன் ஓடிவிடக் கூடாது என்று கதவைத் தாழிட்டது காவலாளி. அந்த வரியில் மாற்ற வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சமர்த்தாக மாற்றிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டது. ஒரு கமாவைக்கூடக் கண்ணாடி போட்டுத் தேடுகிறவள் கதவைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்!

"நான் தாழ் போடல சார்!" மடிப்புக்காரியின் குரல் உடைந்தது. "அவர்தான் போட்டார்!"

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். ஆனா..."

"கடிதத்தை நீங்களே எழுதினீங்களா? வேற யாராவது எழுதித் தந்தாங்களா?"

மடிப்புக்காரியின் பார்வை மூலைக்கு வந்தது. ஒரு கணம்தான். கமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்பெனி விதிகள் தொங்கின. பத்தொன்பதாவது விதியை அச்சடித்தவளே அவள்தான்: விசாரணையில் இருக்கும் தொழிலாளிக்கு அலுவலக ஊழியர் எந்த விதத்திலும் உதவக் கூடாது, மீறினால் வேலை நீக்கம். வேலை போனால் கம்பெனி குவார்ட்டர்ஸும் போகும். வீட்டில் முழங்கால் தேய்ந்துபோன மாமியார், பரீட்சைக்குப் படிக்கிற மகள். கணவன் கப்பலில். எட்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்து, "வீடு சின்னதாயிடுச்சா, நான் பெருத்துட்டேனா?" என்று கேட்பவன்.

மடிப்புக்காரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நானே எழுதினேன் சார்."

காட்டிக் கொடுக்கவில்லை! கமாவின் விரல்கள் அந்தப் பொய்யையும் எழுத்துப் பிசகாமல் தட்டின.

அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். விதிப்படி கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருந்தது. மனுஷன் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"ஆமா சார். இவதான் தாழ் போட்டா. என் கண்ணால பார்த்தேன். தாமதமா வந்தான்னு நான் ரிப்போர்ட் எழுதின கோபம் சார். ஆளை உள்ள வெச்சு அடிக்கணும்னே போட்டிருக்கா. அவளே எழுதிக் கொடுத்துட்டாளே, இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"பாவம், ஒரு மாசம் ஸ்பூன்லதான் சாப்பிடணும்" என்றார் மேனேஜர்.

"டீ குடிச்சிட்டு வருவோம்" என்று எழுந்தார் அதிகாரி. "வந்து முடிச்சிடலாம்."

நடைபாதையில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மடிப்புக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தத் தாழ் எங்கேருந்து வந்துச்சு?"

"மெதுவாப் பேசு."

"நான் உங்ககிட்ட அவர் போட்டார்னுதானே சொன்னேன்? சொன்னேனா இல்லியா?"

"சொன்னடி. சொன்னே."

"அப்புறம்?"

"ஏதோ தப்பு நடந்துபோச்சு. பார்த்துக்கலாம். நீ பதறாதே."

"போலீஸுக்குன்னு சொல்றாங்கக்கா. என் வீட்டுக்காரருக்கு நான் இங்க நிக்கறதே தெரியாது. ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." அவள் கமாவின் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

மேனேஜர் டீக் கோப்பையோடு திரும்பினார். கமா கையை உருவிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அறையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காவலாளியின் பழைய கடிதம், மடிப்புக்காரிக்காக மாற்றிய புதுக் கடிதம் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. சந்தேகம் வந்து யாராவது திறந்து பார்த்தால்? செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்று பத்து என்று நேரத்தோடு காட்டிக் கொடுத்துவிடும். இரண்டையும் அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது கம்ப்யூட்டர்.

ஆம்.

முடிந்தது. இனி யார் வந்தாலும் அவள் பெயர் எங்கேயும் கிடையாது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து கதவுவரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே முற்றத்தில் யாரோ ஈர விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் கை வைத்தாள். சுட்டது.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். கதவு மூடியது. அதிகாரி உட்காராமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"எழுதுங்கம்மா. 'ஊழியர் தற்காப்புக்காகச் செய்ததாகக் கூறுகிறார். ஆனால் தப்பிச் செல்ல வழியிருந்தும், அவரே கதவைத் தாழிட்டிருக்கிறார். ஆகவே இது தற்காப்பு ஆகாது. திட்டமிட்ட தாக்குதல். அவரைப் பணியிலிருந்து நீக்கவும், காவல்துறையில் புகார் அளிக்கவும் பரிந்துரைக்கிறேன்.' அச்செடுங்க."

கமா தட்டினாள். அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள்.

மடிப்புக்காரி பேனாவை எடுத்தாள். அழுகை வற்றிப்போன முகம். தாளில் இருப்பதைப் படிக்க முயலவில்லை. தலையை நிமிர்த்தி, பழக்க தோஷத்தில் கமாவிடமே கேட்டாள்.

"எங்கக்கா போடணும்?"

கமாவின் விரல் இடத்தைக் காட்டப் போனது. பாதியில் நின்றது. பிறகு அந்த விரல் தாளை இழுத்துக்கொண்டது.

"போடாதே."

"என்ன?" என்றார் மேனேஜர்.

"சார், அந்தக் கடிதத்தை எழுதினது நான்."

சொல்ல ஆரம்பித்துவிட்டாள், இனி நிறுத்த முடியாது. காவலாளியின் கடிதம், மாற்றிய மூன்று வார்த்தைகள், மாற்றாமல் விட்ட ஒரு வரி, செருப்புச் சத்தம். எல்லாம் மடமடவென்று வந்து விழுந்தது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவள் பேச்சில் ஒரு இடத்தில்கூட கமா இல்லை.

"கதை விடறா!" மேனேஜர் மேசையைத் தட்டினார். "சிநேகிதியைக் காப்பாத்தறதுக்குப் புளுகறா. பழைய கடிதம்னா எங்க? காட்டு பார்ப்போம்."

"இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"அழிச்சிட்டேன்."

"எப்போ?" இது அதிகாரி.

"இப்பதான். டீ குடிக்கப் போனப்போ."

மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்தார். "பார்த்தீங்களா? ஆதாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்றா."

மடிப்புக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. அழிச்சியா? அங்கே நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேனே, நேரா வந்து அழிச்சியா? கேட்காமலேயே கேட்டாள். ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதைத் தன் கையாலேயே கொன்று போட்டாகிவிட்டது. கமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"மேனேஜர் சார், முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டுல நின்னிருக்கேன். தன்னைக் காப்பாத்திக்கப் பொய் சொன்னவங்க ஆயிரம் பேரைப் பார்த்தாச்சு. தன் வேலைக்குத் தானே உலை வெச்சுக்கறதுக்கு யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல." மாவுக்கட்டுப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. திங்கட்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்தே புகார் எழுதிக் கொடுத்தீங்க. அதை முன்னாடியே ஒத்துப் பார்க்காதது என் தப்பு. அதுல தாழ்ப்பாள் பத்தி ஒண்ணும் இல்லியே?"

"வலி சார். இடது கையால எழுதினேன்."

"இடது கையால ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. 'கதவு முழுநேரமும் திறந்தே இருந்தது, நான் எந்தத் தவறான எண்ணத்தோடும் உள்ளே போகவில்லை.' உங்க கையெழுத்துதானே?"

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை கதவு திறந்திருக்கு. புதன்கிழமை கடித நகல் உங்க கைக்கு வருது. இன்னிக்கு, 'இவதான் தாழ் போட்டா, என் கண்ணால பார்த்தேன்'. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாசல் காவலாளி போட்ட தாழ்ப்பாளை நீங்க எந்தக் கண்ணால பார்த்தீங்க?"

"அது... அவ எழுதியிருந்தா... சரி, போட்டிருப்பான்னு..."

"போட்டிருப்பா. பார்த்தது இல்ல?"

சூப்பர்வைசரின் உதடுகள் குவிந்தன. விசில் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"தாழ்ப்பாள் போட்டிருந்ததா, இல்லியா?"

"...போட்டிருந்தது."

"இவங்க போட்டதை நீங்க பார்க்கல. உள்ள ரெண்டே பேர். அப்ப போட்டது யாரு?"

பதில் இல்லை. அதிகாரி அதையும் எழுதச் சொன்னார்: 'பதில் இல்லை.' கமா உட்கார்ந்து தட்டினாள். முந்தைய தாளை அதிகாரி நாலாகக் கிழித்தார். மடிப்புக்காரியின் கடிதம் விசாரணையிலிருந்து நீக்கம். நாளை முதல் அவள் வேலைக்கு வரலாம். அடுத்த விசாரணை சூப்பர்வைசர்மேல். அதுவரை அவர் வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

மடிப்புக்காரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"பத்தொன்பதாவது விதி இருக்கு சார்" என்றார் மேனேஜர். தோற்ற ஆத்திரத்தில் குரல் கீச்சென்று வந்தது. "இந்தம்மாவை அப்படியே விட முடியாது. கோப்பை வேற அழிச்சிருக்கா."

அதிகாரி சுவரில் தொங்கிய விதிகளை ஒருமுறை படித்தார். "விட முடியாதுதான்" என்றார் கடைசியில். "விதி விதிதான். வேற டைப்பிஸ்ட் இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப?"

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். கமா புதுப் பக்கத்தைத் திறந்தாள். மேனேஜர் சொல்லச் சொல்ல, தன் பெயரைத் தானே தட்டினாள். பதினாறு வருட சர்வீஸ். இன்று முதல் பணி நீக்கம். ஏழு நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"'மேற்படி ஊழியர் தற்காப்பு நோக்கத்துடன் கோப்பினை அழித்தார்...'" என்று சொல்லிக்கொண்டே போனார் மேனேஜர்.

விரல்கள் நின்றன.

"சார், அந்த வார்த்தை வேண்டாம்."

"ஏன்? எழுத்துப்பிழையா?"

"இல்ல சார். எனக்கு வழி இருந்துச்சு. வாயைத் திறந்திருக்கலாம். 'பயந்து அழித்தார்'னு போட்டுக்கறேன்."

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். "போடட்டும்" என்றார் அதிகாரி.

கையெழுத்துகள் முடிந்து கதவைத் திறந்தபோது மணி ஐந்தே கால். ஷிஃப்ட் மாறும் நேரம். படிக்கட்டு முழுக்க ஈரச் செருப்புச் சத்தம். கமா சுவரோரமாக இறங்கினாள். செய்தி அவளுக்கு முன்னால் இறங்கியிருந்தது. எதிரே வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். வீட்டில் மாமியாரிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசிப் படியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீ நேரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கமா, திரும்பாமல்.

"நான் கையைப் பிடிச்சப்போ உருவிட்டுப் போனீங்க."

"போனேன்."

மடிப்புக்காரி இறங்கி வந்து அவளைத் தாண்டிப் போனாள். நேர அட்டையைக் குத்தும் இயந்திரத்திடம் வரிசையில் நின்றாள். வரிசை நகர்ந்தது. அட்டையைக் குத்தினாள். வாசலில் நின்று, முகத்தைத் தெருப் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏழு நாள்னா அடுத்த வியாழனா?"

"வியாழன்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வரேன். துணிமணியெல்லாம் கண்டபடி சுருட்டி வெச்சிராதீங்க, நான் வந்து மடிக்கிறேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க."

"பண்ணிக்கல" என்றாள் கமா.